கிழித்த பக்கத்திலும் உங்கள் வரி

என் பிரியமுள்ள மதினி,

நேற்று மீட்டிங்கில் நான் பேசிவிட்டேன். நீங்கள் பேச, நான் பக்கத்தில் தலையைக் குனிந்து டைப் செய்வதுதானே வழக்கம். நேற்று உங்கள் நாற்காலி காலியாக இருந்தது.

விசைத்தறி மேனுவல்களை ஒரே இடத்தில் எழுதி, எல்லா மாடல்களுக்கும் அங்கிருந்தே எடுக்க எந்த எக்ஸ்எம்எல் ஸ்கீமா, எந்த எழுத்துக் கட்டமைப்பு என்று என்னை முடிவு செய்யச் சொன்னார்கள். நாம் அடுப்படியில் முடிக்காமல் விட்ட சண்டை. உங்களுக்கு டாக்புக், முழுப் புத்தகமாக நிற்பது. எனக்கு டிட்டா, தனித்தனித் தலைப்புகளாக எழுதிக் கோப்பது.

“ஏட்டி, புஸ்தகம்னா தலையும் காலும் வேண்டாமா? துண்டு துண்டா வெட்டி வச்சா எவன் சேர்த்துப் படிப்பான்?”

“தறி நின்னு போனா எவன் மதினி முதல் பக்கத்துலேர்ந்து படிக்கான்?”

“இந்த வாய ஆபீஸ்ல எங்கன ஒளிச்சு வைக்க?”

நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. டாக்புக் என்றே சொல்லிவிட நினைத்திருந்தேன். உங்களுக்காக அதையாவது செய்யலாமே.

போன வாரம் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு தறிக்கூடத்துக்குப் போனேன். தறிக்குப் பக்கத்துச் சுவரில் நீங்கள் எழுதிய மேனுவலின் ஒரு பக்கம் ஒட்டியிருந்தது.

“மதினி எழுதுனதக் கிழிச்சிட்டியா அண்ணே?”

“புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு தறிக்குள்ள குனிய முடியுமா? இங்கன எல்லாரும் வேண்டிய பக்கத்தக் கிழிச்சு ஒட்டிருவோம்.”

மோட்டாரை நிறுத்துங்கள், தறி முழுதாக நின்ற பிறகே கையை உள்ளே விடுங்கள் என்ற உங்கள் வரி அந்தப் பக்கத்தில் இல்லை. அது அத்தியாயத்தின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. அண்ணனின் விரல்களை நினைத்துத்தான் அதை எழுதியதாகச் சொன்னீர்களே.

அதனால் டிட்டா என்றேன். ஒவ்வொரு வேலையும் தனித் தலைப்பு. உங்கள் வரியை ஓரிடத்தில் மட்டும் எழுதி வைப்போம்; அங்கிருந்து எல்லாத் தலைப்புக்கும் அது தானாக வந்துவிடும். எந்தப் பக்கத்தைக் கிழித்தாலும் அதன் தலையில் அது இருக்கும்.

“அத டாக்புக்லயும் செய்யலாம்லா ஏட்டி” என்று நீங்கள் மடக்கியிருப்பீர்கள். பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். யாரும் மடக்கவில்லை. தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஜெயிப்பது இப்படியா இருக்கும், மதினி?

புது மேனுவல் அச்சாகி வந்ததும் முதல் ஆளாக நானே ஒரு பக்கத்தைக் கிழித்து அண்ணன் தறியருகே ஒட்டுவேன். உங்கள் வரியை யார் மாற்ற வந்தாலும், இனி வாயைத் திறந்தே தடுப்பேன்.

வீட்டில் மட்டும் வாயாடிய உங்கள் நாத்தனார்,
மாரி
சங்கரன்கோவில்