முந்திக்கொள்ளும் விரல்

ஜூன் 4

மாப்பிள்ளைக்கு,

இங்கே நானும் உங்கள் மாமாவும் நலம். கடிதம் அலுவலக முகவரிக்கு வருகிறதே என்று பயப்படாதீர்கள். போனில் பேசினால் என் மகள் உங்கள் தோளில் காதை வைத்துக்கொண்டிருப்பாள். நான் கிட்டார் வாசிப்பது சின்னுவுக்குத் தெரியும். ஒரு குழுவோடு மேடை ஏறப்போவது தெரியாது. தெரிந்தால் ஊரைக் கூட்டிவிடுவாள்.

கிட்டாரைக் கணினியில் செருகி வாசிக்க நீங்கள் எழுதிய மென்பொருளை, மருந்துக்கடையிலிருந்து வந்ததும் தினமும் திறந்துவிடுகிறேன். ஒரு தந்தியைத் தொட்டால் போதும், கூடம் முழுக்கப் பனி இறங்கியதுபோல ஆகிவிடுகிறது. எங்கே ஸ்வரம் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எனக்கே தெரிவதில்லை. "கேசட் சிக்கிக்கிச்சா?" என்று மாமா கேட்டார். ஷூகேஸ் என்கிற இசை இப்படித்தான் என்றேன். அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று எனக்குத் தெரியாததால் அத்தோடு பேச்சை மாற்றிவிட்டேன்.

முன்பு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வந்ததே, போன முறை நீங்கள் வந்து ஏதோ மாற்றிய பிறகு அது அறவே இல்லை. ஒரே ஒரு குறை. ஒத்திகையில் டிரம்ஸ் அடிக்கும் பல் டாக்டர், "அக்கா, எனக்கு முன்னாடி எங்க ஓடுறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் ஓடவில்லை. அவர்தான் பல் பிடுங்குகிற நிதானத்தில் அடிக்கிறார்.

அன்புடன்,
அத்தை

ஜூன் 12

அன்புள்ள அத்தைக்கு,

கடிதத்தைக் கழிவறையில் ஒளிந்து படித்தேன். அலுவலகத்தில் மாமியாரிடமிருந்து ரகசியக் கடிதம் வாங்கும் ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மாமாவிடம் சொல்லுங்கள்: அந்த இசைக்காரர்கள் காலடியில் வரிசையாக, ஒலியை மாற்றும் மிதிபெட்டிகளை வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்தபடி குனிந்து வாசிப்பார்கள். பார்த்தவர்கள் செருப்பைப் பார்க்கிறான் என்று கேலி செய்ததில் வந்த பெயர். அந்தப் பெட்டிகளைத்தான் நான் கணினிக்குள் போட்டிருக்கிறேன்.

டாக்டர் சொல்வதைக் கேட்கிற ஆசை எனக்கும் வந்துவிட்டது. வீட்டில் ஒன்று, ஒத்திகையில் ஒன்று, போனில் பதிவு செய்து அனுப்புங்கள். வீட்டில் வாசிக்கும்போது போன் கிட்டார் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தங்கள்,
மாப்பிள்ளை

ஜூன் 20

மாப்பிள்ளைக்கு,

கேட்டீர்களே என்பதற்காகப் பதிவுகளை அனுப்பிவிட்டேன். கேட்காவிட்டாலும் பரவாயில்லை. குழுவில் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் சொன்னது சரிதான். வீட்டில் கணினி போடும் தாளத்தோடு கச்சிதமாகப் போகிறது. அங்கே போய் எங்கள் குழுவின் மூன்றாவது ஆளான எலக்ட்ரீஷியன் தம்பியின் மிதிபெட்டியில் செருகி வாசித்தால் கை முந்திக்கொள்கிறது. பிடித்து நிறுத்தினால் தடுமாறுகிறது. ஒரு பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போய் நின்றேன். திரும்பி வந்ததும் அவர்கள் இருவரும் எனக்காக அதை முதலிலிருந்து தொடங்கினார்கள். திட்டியிருந்தால் தேவலை.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? என் அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் கை சொன்ன பேச்சு கேட்கவில்லை. பிறகு ஸ்பூன்கூடப் பிடிக்க முடியவில்லை. நான் மாத்திரை எண்ணிக் கொடுத்துப் பிழைக்கிறவள். இப்போதெல்லாம் கடையில் ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு தடவை எண்ணுகிறேன். பயமாக இருக்கிறது. நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். சின்னுவிடம் மூச்சு விடாதீர்கள்.

அத்தை

ஜூன் 23

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் இதைப் படியுங்கள்: கை முந்துவதற்குக் காரணம் நான்.

உங்கள் வீட்டுப் பதிவில், விரல் தந்தியில் படும் 'டிக்' சத்தம் முதலில் வருகிறது. ஸ்பீக்கரிலிருந்து ஒலி ஒரு கணம் கழித்துத்தான் வருகிறது. அந்தப் பொரிகிற சத்தத்தை நிறுத்த நான் செய்தது இதுதான்: ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து நிதானமாக அனுப்பும்படி கணினியிடம் சொன்னேன். அதனால் வந்த தாமதம் இது. வேறு இசையாக இருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். இதில்தான் ஸ்வரத்தின் முனையே கரைந்து போகிறதே, என் காதும் ஏமாந்துவிட்டது.

உங்கள் விரல் ஏமாறவில்லை. ஒலி தாமதமாக வருகிறதென்று தெரிந்துகொண்டு, தாளத்தோடு சேரும்படி அதே அளவுக்கு முன்கூட்டியே தட்டப் பழகியிருக்கிறது. ஒத்திகை அறையில் தாமதம் கிடையாது. அங்கேயும் அது பழகியபடியே தட்டுகிறது. நோய் வந்த கை இவ்வளவு சரியாக, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு முந்தாது. ஆனாலும் டாக்டரைப் பாருங்கள். நான் டாக்டர் இல்லை, வெறும் மென்பொருள்காரன்.

கையின் பழக்கத்தை மாற்ற இப்போது நேரமில்லை. அதனால் மேடைக்கு வீட்டுக் கணினியையே தூக்கிக்கொண்டு போங்கள். எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். நீங்கள் முந்துங்கள், அது தாமதிக்கட்டும், கூட்டத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும்.

உங்களை இத்தனை நாள் பயத்தில் வைத்திருந்ததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியவில்லை.

மாப்பிள்ளை

ஜூலை 2

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அழுது முடித்து உங்களை நன்றாகத் திட்டினேன். மாமாவைத் தவிர யாரும் கேட்கவில்லை, கவலைப்படாதீர்கள்.

நரம்பு டாக்டர் கட்டைவிரலில் ஆள்காட்டி விரலைத் திரும்பத் திரும்பத் தட்டச் சொன்னார், கோடு போடச் சொன்னார், நடக்கச் சொன்னார். கடைசியில், "எதுக்கும்மா வந்தீங்க?" என்றார். "என் மாப்பிள்ளையக் கேளுங்க" என்றேன்.

சின்னுவிடம் நானே சொல்லிவிட்டேன். நம் இருவருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் அர்ச்சனை நடந்தது. உங்களுக்கு மீதி வீட்டில் கிடைத்திருக்கும்.

வேறு ஆள் தேடினார்களா என்றால், தேடவே இல்லையாம். "நீங்க கோபத்துல சொன்னீங்கன்னு நெனச்சோம்" என்றார் எலக்ட்ரீஷியன் தம்பி. அவரும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கணினியை மேடைக்குத் தூக்கிவந்தார்கள். பல் டாக்டருக்கு என் கையைப் பார்த்தால் குழப்பம், கை ஒரு பக்கம் ஒலி ஒரு பக்கம் என்று. இரண்டாவது பாட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். கூட்டம் அதிகமில்லை. ஆனால் வந்தவர்கள் யாரும் நடுவில் எழுந்து போகவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மாப்பிள்ளை. வெகுநாள் கழித்து, முழுச் சந்தோஷம்.

கடையில் மாத்திரையை ஒரு தடவைதான் எண்ணுகிறேன்.

அந்தத் தாமதத்தைச் சரிசெய்ய வருவதாகச் சின்னு சொன்னாள். இரண்டு பேருமாக, விடுமுறை கிடைக்கிறபோது வாருங்கள். அவசரம் ஒன்றுமில்லை. கை எங்கேயும் போய்விடாது.

அன்புடன்,
அத்தை