எதிராளியின் வள்ளத்தில் போன விசாரணை

நண்பரே,

இன்று காலை துறைமுகப் பக்கம் போயிருந்தேன். பொலிசாருக்குப் புதிய இயந்திரப் படகு ஒன்று வந்து நிற்கிறது. சாம்பல் நிறம், பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. பதவியில் இருந்த காலமெல்லாம் நீர் கேட்டுக் கேட்டு, செவிடன் காதில் ஊதிய சங்காய்ப் போன அதே படகுதான். உமது முதலாம் ஆண்டுத் திவசம்கூட இன்னும் வரவில்லை, அதற்குள் இது வந்துவிட்டது. எனக்குச் சந்தோசம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அதில் ஏறி நின்ற இளம் பொலிஸ்காரர்களில் ஒருவருக்கும் நம் மொழி தெரியாது. இறங்குதுறையில் மீன் கூடைகளோடு நின்ற சனம் அவர்களைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு விலகிப் போனது. அந்தப் பெயின்ற் மணம் வீடு வரைக்கும் என் மூக்கிலேயே இருந்தது.

நாம் இருவரும் சிநேகிதரானதே ஊருக்கு வேடிக்கை. நீர் இன்ஸ்பெக்டர், நான் வழக்காடும் பிரக்கிராசி. காலையில் நீதிமன்றத்தில் உமது வழக்கை நான் கிழிப்பேன். பின்னேரம் என் வீட்டுக் கதிரையில் இருந்து கோப்பி குடித்தபடி, "இண்டைக்கு என்னை நல்லா நாறடிச்சுப்போட்டீர்" என்று சிரிப்பீர். நல்ல பொலிஸ் எப்படி உண்டாகும் என்பதைத் தவிர உமக்கு வேறு கதை கிடையாது.

சுதந்திரம் கிடைத்த புதிதில் சேர்ந்தவர் நீர். பிறகு ஆட்சி மொழி மாறியது. எங்கள் பெடியன்கள் பொலிசுக்கு மனுப் போடுவதும் குறைந்து குறைந்து நின்றே போனது. "எங்கடை ஆக்கள் போகாட்டி, நாளைக்கு எங்கடை கதை விளங்க அங்கை ஆர் இருப்பினம்?" என்று சைக்கிளில் சல்லிக் கிராமம் வரைக்கும் அலைந்தீர். கடைசியில் அகப்பட்டவன் உமது அயலில், அன்புவழிபுரத்தில் இருந்த மகேந்திரன் ஒருவன்தான். உயரம் இருந்தது, நெஞ்சளவு காணாது. அவனைக் கடற்கரையில் ஓடவிட்டு, முட்டை கொடுத்து, தையற்காரரிடம் நாடா வாங்கி நீரே நெஞ்சை அளந்து பார்த்தீர். "மாப்பிள்ளைக்குச் சட்டை தைக்கிறீரோ?" என்று நான் பகிடி பண்ணினேன். அவன் எடுபட்டு, பயிற்சி முடித்து உமது நிலையத்துக்கே வந்தபோது, பெற்ற தகப்பனைவிட நீர்தான் பூரித்துப் போனீர்.

அந்த நிலையத்தில் ஒரு ஜீப் இருந்தது, அதில் பெற்றோல் இருப்பது அபூர்வம். படகு இல்லவே இல்லை. கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் விசாரணை என்றால் முறைப்பாட்டுக்காரன் வள்ளம் கொண்டுவர வேண்டும். அவனுக்கு வசதி இல்லாவிட்டால் எதிராளி கொண்டுவருவான். எதிராளியே ஏற்றிப்போய், சோறு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவதை யாரும் பிழையாக நினைக்கவில்லை. நீர் மட்டும் ஏறமாட்டீர். சனத்தோடு சனமாகப் பயணிகள் லோஞ்சில் போய், மிச்சத் தூரத்தை வெயிலில் நடப்பீர். "அவன்ர சோத்தைத் திண்டுபோட்டு அவனை என்னெண்டு விசாரிக்கிறது?" என்பீர்.

நீர் ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்த கிழமையில்தான் அது நடந்தது. அக்கரையில் கட்டைபறிச்சான் மீனவர் கந்தப்பன், தன் வலையை வள்ளங்கள் வைத்துத் தொழில் நடத்திய ஒரு சம்மாட்டியார் ஆள் வைத்து வெட்டியதாக முறைப்பாடு கொடுத்திருந்தார். விசாரிக்கப் போனவன் மகேந்திரன். அந்தச் சம்மாட்டியாரே வள்ளம் அனுப்பினார். கடற்கரையில் அவருடைய மீன் வாடியில் நண்டுக்கறியோடு சாப்பாடு. பின்னேரம் அதே வள்ளத்தில் முறைப்பாட்டுக்காரரைக் கைதியாக ஏற்றிக்கொண்டு மகேந்திரன் திரும்பினான். பொய் முறைப்பாடாம். நிலையத்துக் கூட்டுக்குள் அடைத்து வைத்து அடித்ததில் கந்தப்பனின் வலது கை முறிந்தது. அவருடைய மனைவி என்னிடம் வந்து அழுததை உம்மிடம் அப்படியே சொன்னேன்: "பாசை தெரியாதவன் அடிச்சால், விளங்காமல் அடிக்கிறான் எண்டு மனதை ஆத்தலாம் ஐயா. இவன் எங்கடை பாசையிலை ஏசி ஏசி அடிச்சவன்." உமது முகம் செத்துப்போனது.

வள்ளத்தில் இருந்து விழுந்து கை முறிந்தது என்று நீர் ஒரு வரி எழுதியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மேலிடமும் அதைத்தான் சொன்னது. மகேந்திரனின் தாய் உமது வீட்டு வாசலில் வந்து விழுந்தார். "நீங்கள்தானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள். இப்ப நீங்களே காட்டிக்குடுக்கப் போறியளோ?" கந்தப்பனுக்காக நான் வழக்குப் போட்டேன். என் பக்கச் சாட்சியாகச் சீருடையோடு கூண்டில் ஏறி நின்றீர். இது உமது நிலையத்தில் நடந்ததா என்று கேட்டேன்.

"ஓம். என்ர ஸ்டேசனிலைதான் நடந்தது. அடிச்சவன் நான் சேர்த்த ஆள்."

நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டு உம்மை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ பொலிஸ்காரர்களைக் குறுக்குவிசாரணை செய்தவன் நான். அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன்னும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை.

அதனால் என்ன கண்டோம்? வழக்கு தவணை தவணையாகத் தள்ளிப்போய்ச் செத்தது. மகேந்திரனுக்கு இடமாற்றம், கொஞ்சக் காலத்தில் சார்ஜன்ட் பதவி. உமக்கும் இடமாற்றம், கடலே இல்லாத ஊருக்கு; ஓய்வு பெறும் வரைக்கும் ஒரு உயர்வும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு தாயும் பொலிசுக்குப் பிள்ளையை விடவில்லை. உள்ளே போனால் கெடுவான், கெடாவிட்டால் உம்மைப்போல் ஆவான் என்று சனம் படித்துக்கொண்டது. கந்தப்பனுக்குக் கை சரியாகப் பொருந்தவில்லை. வலை இழுக்க முடியாமல், அதே சம்மாட்டியாரின் வாடியில் கருவாட்டுக்குக் காவல் இருந்தார்.

ஓய்வு பெற்று வந்து மறுபடியும் என் கதிரையில் இருந்தீர். "ஒரு படகு இருந்திருந்தால் பெடியன் கெட்டிருக்க மாட்டான்" என்பீர் ஒரு நாள். "ஆள் சரியெண்டால் ஆரின்ர வள்ளத்திலை போனாலும் கெட மாட்டான்" என்பீர் மறுநாள். கடைசி வரைக்கும் இரண்டையும் மாறி மாறிச் சொன்னீர்.

போன கிழமை மூதூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். மகனைப் பொலிசார் கொண்டுபோய் அடித்திருக்கிறார்கள். வழக்குப் போடலாம், சாட்சி வேண்டும் என்றேன். "உள்ளுக்கை நடந்ததுக்கு ஆர் ஐயா சாட்சி சொல்லுவினம்?" என்று கேட்டார். உம்மைப் பற்றிச் சொன்னேன். ஒரு இன்ஸ்பெக்டர் தன் ஆளுக்கு எதிராகவே ஏறி நின்றதை, சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"என்னை ஆறுதல்படுத்தத்தானே ஐயா உந்தக் கதை சொல்லுறியள்" என்றார்.

இல்லையம்மா, நடந்தது என்று வாசற்படலை வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். அவர் நம்பவில்லை. இப்போது அதைச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். எனக்கும் வயது போய்விட்டது.