சபிதா எழுதவைத்த பத்து வரி

ரோஜாவின் தாத்தாவுக்கு, என் நெஞ்சைவிட்டு இன்னும் போகாதவருக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. கோபமாக இருக்கிறேன். உங்களிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவது?

பேத்தி ரோஜா ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். ஒடிசாவிலிருந்து ஓசூர் கம்பெனிக்கு வேலைக்கு வந்து நம் மகனைக் கட்டிக்கொண்ட சபிதாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. உங்களுக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கூடத்துக்கும் தெரியும்.

போன வாரம் நான் கெலமங்கலத்தில் தங்கச்சி வீட்டில் இருந்தேன். மகனுக்கு நைட் ஷிப்ட். ரோஜாவின் நோட்டில் டீச்சர் ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கிறார். வீட்டுப்பாடமும் அப்படித்தான் வரும், மேலே ஒரு வரி, அதைப் பார்த்துக் கீழே பத்து முறை. சபிதா வேலையிலிருந்து வந்த கையோடு பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து, பத்தும் எழுதவைத்திருக்கிறாள்.

அந்த வரி என்ன தெரியுமா? "பெற்றோர் நாளை என்னை வந்து பார்க்கவும்."

மறுநாள் டீச்சர் நோட்டை வகுப்பு முழுக்கக் காட்டிச் சிரித்தாராம். சாயங்காலம் பிள்ளையை அழைக்கப் போனவளிடம், "இனிமே நீ சொல்லித்தராதம்மா. வீட்ல அந்த பாஷையும் பேசாத, புள்ள குழம்புது" என்றாராம்.

அன்றோடு சபிதா நோட்டைத் தொடவில்லை. தலை வாரும்போது சொல்லும் ஒடியாக் கதையும் நின்றது. ரோஜா கேட்டால், "ஆயாகிட்ட போ" என்று என் பக்கம் கைகாட்டுகிறாள்.

"விடும்மா, டியூஷன் சேத்துடலாம்" என்கிறான் உங்கள் மகன். தமிழ் படித்தவன்தானே, ஒரு நாள் பிள்ளையோடு உட்கார்ந்தானா?

நேற்று சபிதாவைக் கையோடு இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

"நான் அஞ்சாவது வரைக்கும்தான் டீச்சர். இந்தப் பத்து வரியில ஒரு தப்பு காட்டுங்க."

"தப்பு இல்லம்மா. ஆனா அர்த்தம்..."

"அர்த்தம் தெரியாமயே இவ்ளோ எழுதவெச்சிருக்கா. வரச்சொன்னீங்க, வந்துட்டோம். சேதிய இவகிட்ட வாயால சொல்லுங்க."

டீச்சர் சபிதாவைப் பார்த்தார். "ரோஜா வகுப்புல வாயே திறக்கமாட்டேங்குறா."

"வீட்ல நல்லா பேசுவா டீச்சர்," என்றாள் சபிதா. "நீங்க சொன்னப்புறம்தான் நான் பேச்ச நிறுத்துனேன்."

அந்தச் சொல் என்னையும் சுட்டது. ஏனென்றால் "இந்த வீட்ல தமிழ் மட்டும்தான்" என்று அவளிடம் முதலில் சொன்னவர் நீங்கள். அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவள் நான்.

இனி நோட்டில் வருவதை நான் வாசித்துச் சொல்வேன். விரலைப் பிடிப்பவள் சபிதாதான். உங்கள் திதியன்று, உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் பாஷையில் ரோஜாவுக்கு ஒரு கதை சொல்லச் சொல்லப்போகிறேன். முழுசாகக் கேளுங்கள்.

இப்படிக்கு,
சபிதாவின் மாமியார்