தங்கக் கட்டியின் முதுகில் இருந்த வரிகள்

இன்று காலை சங்கிலிக் கொக்கியைச் சரிசெய்ய, தெற்கு ரத வீதி ஆசாரி பட்டறைக்குப் போயிருந்தேன். அவர் உருக்கிய தங்கத்தில் ஒரு துளி, உலைச் சட்டியில் கிடந்த நெல் உமிமேல் சிந்திவிட்டது. "பதறாதீய டீச்சர், எங்கன போயிரும்?" என்று குறட்டால் எடுத்துத் தண்ணீரில் நனைத்து என் கையில் போட்டார். அதன்மேல் நெருக்கமான வரிகள், வரி நெடுகப் பொடிப் புள்ளிகள். கைப்பையிலிருந்த லென்சை வைத்துப் பார்த்ததும், இது என்ன தடம் என்று கேட்டேன். "அதெல்லாம் உமித்தடம்" என்றார்.

துளியை இரவல் வாங்கிக்கொண்டு நேரே கல்லூரிக்குப் போய், என் சிநேகிதி நீ முன்பு கொடுத்த தங்கக் கட்டியின் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே தடம்தான்.

"ஏட்டி, இது மலையாளத்து நெலம்பூர் ஆத்துல கெடைச்சது, அப்பாட்ட ஒருத்தர் கொடுத்தாரு. நீதான மண்ணியல் வாத்தியாரம்மா, என்ன தடம்னு சொல்லு பாப்போம்" என்று சொல்லித்தான் அதைக் கொடுத்தாய். நம்பினேன். ஒரு வருஷம் உட்கார்ந்து அளந்தேன். பாறைக்குள் இருந்தபோது படிகங்கள் அழுந்திய வரிகள் என்று கட்டுரை எழுதினேன். நெல் விளையும் ஊரில் பிறந்தவளுக்கு உமி தெரியவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நீ ஆசாரி வீட்டுப் பெண். உமியில் விழுந்த தங்கத்தைப் பார்த்தே வளர்ந்தவள். முதலில் விளையாட்டுக்குத்தான் செய்திருப்பாய். நான் எழுத ஆரம்பித்தபோதாவது வாயைத் திறந்திருக்கலாமே. கருத்தரங்கன்று என் சேலை மடிப்பைச் சரிசெய்து, "பயப்படாம பேசுட்டி" என்று சொல்லிவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய். அதற்குப் பிறகும் எத்தனை வருஷம் என் வீட்டில் காபி குடித்தாய். போன ஆவணியில் செத்தும் போய்விட்டாய். நான் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பேன்? துரோகி என்று வாய்விட்டே சொன்னேன். ஆய்வகத்தில் ஆளில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நாளை வகுப்பிலும் சொல்லியாக வேண்டும். அந்த வரிகளைப் பாடமாக எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன் என்று நினைத்தால் கூசுகிறது.

மத்தியானம் ஒரு மாணவி, ராயகிரிப் பக்கம் ஓடையில் கிடைத்ததாக ஒரு கல்லை நீட்டினாள். எப்போதும் வாங்கியவுடன் கல்லைத்தான் பார்ப்பேன். இன்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் பொய் சொல்லுதேன்னு நெனைக்கியளா மேடம்?" என்று கேட்டாள்.

கல்லை வாங்காமல், எடுத்த இடத்தை வந்து காட்டு என்றேன்.