பந்தாய்: இரண்டாவது பொருள்

கோத்தோ அம்பாலு,
18 பிப்ரவரி 1992

அன்புள்ள மகன் சுல்ஃபத்ரிக்கு,

உன் கடிதத்தில் தேதி இல்லை. அகராதி அலுவலகத்தில் இருப்பவன் இப்படியா எழுதுவது?

'பந்தாய்' பற்றிக் கேட்டிருந்தாய். நோன்பு மாதம் பிறக்குமுன் ஊர் கூடி எருமை அறுத்து, வீட்டுக்கு வீடு பங்கு வைப்பது. ஜகார்த்தாவில் மனிதர்களைக் கொன்று குவிப்பதற்கும் இதே சொல்லைச் சொல்கிறார்களே, எது முதலில் என்கிறாய். எருமைதான் முதலில்.

மனிதர்களுக்குச் சொல்லி நான் கேட்டது, கம்யூனிஸ்டு என்று சொல்லி ஊர் ஊராக ஆட்களைப் பிடித்துப்போன 1965 டிசம்பரில், நோன்புக்கு ஐந்து நாள் முன்பு. எருமைக்குக் கத்தி பிடிக்கும் டத்தோ சினாரோ நம் வாசலில் நின்று, "வாத்தியாரே, கொஞ்சம் வெளிய வாங்க" என்றார். கூட வந்தவன், "இந்த வருசம் ஆத்தங்கரையில முன்னாடியே பந்தாய்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா திரும்பவில்லை. காய்ச்சலில் போனார் என்று உன்னிடம் சொன்னது பொய்.

ஐந்தாம் நாள் டத்தோவின் கையால் அறுத்த பங்கு வந்தது. திருப்பி அனுப்பினேன். ஆண்டுதோறும் திருப்பித்தான் அனுப்புகிறேன்.

அவரிடம் விவரம் கேட்க வருவதாகவும், எருமையின் கயிற்றைப் பிடிக்க அவர் அழைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். பிடிக்காதே.

அம்மா
ரோஸ்மனிதார்


ஜகார்த்தா,
10 மார்ச் 1992

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் உங்கள் கடிதம் இங்கே வந்திருக்கிறது. பங்கோடு வந்த என் முகத்தில் ஏன் கதவைச் சாத்தினீர்கள் என்று நேற்றுத்தான் புரிந்தது.

கயிற்றைப் பிடித்துவிட்டேன் அம்மா. டத்தோ தோளில் தட்டி, "அப்பனாட்டமே பிடி உனக்கு, தம்பி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மனிதர்களுக்கும் அந்தச் சொல்லைச் சொல்வதுண்டா என்று கேட்டேன். "ஆளுங்களுக்கா? நம்மூர்லயா? போடா, ஜகார்த்தாக்காரன் கட்டிவிட்டது."

இரண்டாவது பொருளையும் எழுதிவிட்டேன். அகராதியில் ஏற, சொன்னவர், ஊர், கேட்ட ஆண்டு மூன்றும் வேண்டும். எங்கள் மேலதிகாரி, "வருசத்த விட்டுரு. 'ஒரு மூதாட்டி'ன்னு போடு. உன் வேலையும் தப்பும், உங்கம்மாவும் நிம்மதியா இருப்பாங்க" என்கிறார். டத்தோவின் மகன்தான் அங்கே இப்போது ஊர்த்தலைவர். என்ன செய்யட்டும்?

உங்கள்
சுல்ஃபத்ரி


கோத்தோ அம்பாலு,
17 மார்ச் 1992

மகனே,

தெரியாமல் பிடித்தாய். சொல்லாமல் இருந்தது என் குற்றம்.

சொன்னவர்: ரோஸ்மனிதார், ஆசிரியர் பக்தியாரின் மனைவி. ஊர்: கோத்தோ அம்பாலு. ஆண்டு: 1965.

விசாரிக்க வருபவர்கள் வரட்டும், நான் எங்கும் போகப் போவதில்லை. உன் வேலை போகலாம். அதையும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆண்டை எழுதினால் பெருநாளுக்கு வா. விட்டுவிட்டால் வராதே.

அம்மா