மஹ்லிலின் பிரஷர்

ஆகஸ்ட் 5, திங்கள்

விடியற்காலையில் அம்மா கனவில் வந்தாள். கிணற்றடியில் உட்கார்ந்து மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, ஒரு வார்த்தை பேசினால் என்ன? பேசவில்லை.

காபிக்கு வந்த தம்பி மஹ்லிலிடம் சொன்னேன். படகு மோட்டார் பழுது பார்க்கப் போகிற வழியில் தினமும் வருவான். "எத்தனை மீன், அக்கா?" என்றான். நாலு என்றேன். உடனே போனில் கனவுப் பட்டியலைத் தட்ட ஆரம்பித்துவிட்டான். இந்த ஊரில் யார் கனவில் பல் விழுந்தாலும், பாம்பு வந்தாலும் அதற்குத் திருட்டு லாட்டரியில் கட்ட ஓர் எண் உண்டு. "நாப்பத்தி ஒண்ணு! அம்மாவே வந்து குடுத்துட்டுப் போயிருக்காக்கா."

"கட்டித் தொலைக்காதே, முதுகுத் தோல் உரிஞ்சிடும்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாட்டிக்கொண்டான். காபிக் கடையில், கையில் போனோடு.

ஆகஸ்ட் 10

ஷரியத் போலீஸ்காரர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார்: "கட்டிய எண் நாற்பத்தொன்று." அவன் மனைவி ரோஸ்னிதா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த நம்பர் எங்கேருந்து மதினி கிடைச்சுது இந்தப் பாவி மனுஷனுக்கு?" என்றாள். நான் அவள் முக்காட்டைச் சரிசெய்துவிட்டேன்.

சீட்டு, சேவல், பந்தாட்டம், எண் — எதன் மேலும் பந்தயம் கூடாது. ஷரியத் சட்டம் நடக்கிற இந்த ஆச்சேயில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? அடி வாங்கப்போகிறவர்களுக்கு எட்டு வருஷமாகப் பிரஷர் பார்க்கிற நர்ஸ் நான்.

செப்டம்பர் 26, வியாழன்

தீர்ப்பு: ஏழு பிரம்படி. அடுத்த வெள்ளி, ஜும்ஆ தொழுகை முடிந்து, பள்ளிவாசல் முற்றத்தில். அதுவரை சிறையில்தான்.

"ஏழுதானேக்கா. வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடுவேன். பதிமூணாம் தேதி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றப்ப வாசல்ல நான் நிக்கணும், அவ்வளவுதான்" என்றான். உல்ஃபா அவனுக்கு ஒரே பெண்.

அக்டோபர் 3

அடி வாங்கப்போகிறவர்களின் பட்டியல் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்துவிட்டது. ஒன்பது பேர். ஐந்தாவது அவன்.

என்னைப் போடாதீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "இந்த வாரம் உங்க முறைதானே? அடுத்த வாரம்தானே மற்றவங்க" என்றார் டாக்டர். நான் எழுதுவதில் அவர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான் அவர் வேலை. என் வேலையும் பெரிதில்லை. கைப்பட்டை கட்டுவது, காற்று ஏற்றுவது, எண்ணை எழுதுவது. மெஷின் என் பக்கம் திரும்பியிருக்கும், அவர்களுக்கு எண் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒருத்தர் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

130/80 இருந்தது. 190/120 என்று எழுதினேன்.

வெளியே ஒலிபெருக்கியில் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜனம் நின்றது. நான் எப்படி அங்கே நிற்பேன்? பிரஷர் ஏறியிருந்தால் அடிக்க மாட்டார்கள், அடுத்த வெள்ளிக்குத் தள்ளுவார்கள். எப்போதும் அப்படித்தான் நடக்கும். அடுத்த வெள்ளி என் முறை இல்லை. பதிமூன்றுக்குள் வீட்டில் இருப்பான், நானும் பார்க்க வேண்டியிருக்காது.

இந்த முறை "அடுத்த மாதம்" என்றார்கள். அடிக்கிறவர்கள் வேறு ஊர்களுக்குப் போகிறார்களாம். மற்ற எட்டுப் பேரும் சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள். அவனைத் திரும்ப வேனில் ஏற்றினார்கள்.

அவனுக்காகச் செய்தேனா, எனக்காகவா?

அக்டோபர் 13

வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா, "பொண்ணோட அப்பா எங்கே?" என்று கேட்டாள், தெரியாதவள் மாதிரி. ரோஸ்னிதா அழுதுவிட்டாள். அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "அடி வாங்கினவங்க ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க. அது முடிஞ்ச கதை. உள்ளேயே கிடக்கிறவரை என்னன்னு சொல்லி சம்பந்தம் பண்றது?"

கொண்டு வந்த தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உல்ஃபா பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவினதையே திரும்பவும் கழுவினாள்.

அக்டோபர் 20

சிறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எழுதின எண்ணையும் சேர்த்து. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"உன்னை யாரு கேட்டா?" என்றான். "ஏழு அடிக்கா. ஏழே ஏழு. தாங்கியிருப்பேன்ல? எம்பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டியே!"

யா அல்லாஹ், என் கை ஒடிந்து போயிருக்கக் கூடாதா!

நவம்பர் 1, வெள்ளி

மறுபடியும் என் முறை.

கைப்பட்டை கட்டினேன். 188/116. நம்பாமல் மறுபடி பார்த்தேன். 192/118. நிஜமாகவே ஏறியிருக்கிறது. ஒரு மாதத்தில் கழுத்து எலும்பெல்லாம் தெரிகிறது.

என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். "சரியா இருக்குன்னு எழுதுக்கா. இன்னொரு மாசம் என்னால முடியாது." கெஞ்சவில்லை. கூலிக்காரனிடம் வேலை சொல்வது போலச் சொன்னான்.

120/80 என்று எழுதினேன்.

முற்றத்தில் நின்றேன். மூன்றாவது அடியில் ஒரு கையைத் தரையில் ஊன்றினான். நிறுத்தி, என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மேலே அடிக்கட்டும் என்பது போல அவன் தலையை ஆட்டினான். நான் "தாங்குவார்" என்றேன்.

நவம்பர் 9

காபி போட்டு வைத்தேன். இன்றும் வரவில்லை. தெருவின் அந்த ஓரமாகவே நடந்து போகிறான். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறான், அன்றிலிருந்து.

நவம்பர் 17

அம்மா மறுபடி வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

ரோஸ்னிதா அவனைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். கை மரத்துப் போகிறதாம். புதிதாக வந்த இளம் டாக்டர் அட்டையைப் புரட்டி, "போன மாசம் நூற்றித் தொண்ணூறு, இந்த மாசம் நூற்றி இருபது. மாத்திரை சாப்பிட்டாரா?" என்று கேட்டார். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "திரும்பப் பாருங்க சிஸ்டர்" என்று என்னிடம் அனுப்பினார்.

என் எதிரே உட்கார்ந்து கையை நீட்டினான். எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். காற்று இறங்கியது.

"எவ்வளவு?" என்றான். இத்தனை நாளில் என்னோடு பேசின முதல் வார்த்தை.

சொன்னேன்.

"நிஜமாவா?"

மெஷினை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.