பிற்பகலில் அரசகுமாரி, மாலையில் சலவைக்காரி

என் அருமைத் தங்கச்சி துளசிக்கு,

நீ இல்லாத முதல் பனிக்காலம் வந்துவிட்டது. ஹம் நகரத்து வீட்டில் அப்பாவும் நானும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை.

ஹனோவரில் ஓபரா படித்தபோது உன் பேராசிரியை எச்சரித்தார்: மியூசிக்கல் நாடகங்களிலும் பாடினால் குரல் கெட்டுவிடும், ஒன்றை விட்டுவிடு என்று. நீ வீட்டுக்கு வந்து சிரித்தாய். "வீட்டுக்கை தமிழ் கதைக்கிறம், வெளியிலை ஜேர்மன் கதைக்கிறம். ஒண்டு மற்றதைக் கெடுத்ததே அக்கா?"

நீ எதையும் விடவில்லை. மைக் இல்லாமலே இசைக்குழுவைத் தாண்டிக் கடைசி வரிசைவரை போன குரல் உன்னுடையது. கன்னத்தில் ஒட்டிய சின்ன மைக்கில், பக்கத்தில் இருந்து கதைப்பதுபோலப் பாடியதும் நீதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? பிற்பகலில் ஹனோவரில் காதலனை இழந்த அரசகுமாரியாக ஓபரா பாடி முடித்தாய். ஒப்பனையைத் துடைக்கும்போதே அழைப்பு வந்தது. பக்கத்து நகரத்து மியூசிக்கலில் சலவைக்காரியாக நடிப்பவளுக்குக் காய்ச்சல். மாணவியாக இருந்தபோது அந்த வேடத்தைப் பாடியவள் நீ. "ஓம், வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் என்னைப் பார்த்தாய்.

நான் கார் ஓட்டினேன். "ஹீட்டரை நிப்பாட்டு அக்கா, தொண்டை காஞ்சுபோகும்." பின் இருக்கையில் அப்பா குளிரில் கைகளை உரசிக்கொண்டிருந்தார். நீ உதடுகள் படபடக்க ஊதி, குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாய்.

மாலையில் சலவைக்காரி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து பாடியபோது அரங்கமே சிரித்தது. அப்பா என் தோளைத் தட்டினார்.

"துளசி எப்ப வருவாள்?"

"அதுதான் அப்பா துளசி."

அவர் திறந்த வாயை மூடவே இல்லை. அதன்பின் அந்த வேடம் உனக்கே கிடைத்தது.

பிறகு நுரையீரலில் புற்றுநோய். அவ்வளவு மூச்சு வைத்திருந்தவளுக்கு ஏன் அங்கேயே வரவேண்டும்? வைத்தியசாலையில் ஒருநாள் மெதுவாகச் சொன்னாய்: "மேடையிலை எத்தினை தரம் செத்திருக்கிறன். இப்பிடி மூச்சு முட்டும் எண்டு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை." நான் உன் காலைத் தடவிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்திருக்கலாம்?

உன் அஞ்சலிக் கூட்டத்துக்கு இரண்டு அரங்குகளின் ஆட்களும் வந்தார்கள். உன் குரலைப் பற்றி அழகாகப் பேசினார்கள். திடீரென்று அப்பா எழுந்தார். தொழிற்சாலையில் கற்ற ஜேர்மனில், "என் மகள் இரண்டு வேலை செய்தாள். இரண்டையும் ஒழுங்காகச் செய்தாள்" என்றார். அவ்வளவுதான்; உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

போன கிழமை, உன்னோடு நடித்த லேனா அழைத்தாள். சலவைக்காரி இனி அவள்தானாம். உன் உடுப்பை அவளுக்கு அளவாகத் தைத்துவிட்டார்களாம். "என் முதல் காட்சிக்கு வருவீர்களா? நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாள்.

அந்த உடுப்பில் வேறொருத்தியைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாவிடம் சொன்னேன்.

"போவம் பிள்ளை," என்றார். "அந்தப் பிள்ளை தனிச்சு நிக்கப்படாது."

போகிறோம், துளசி. திரை விழும்வரை எழுந்து வெளியே ஓடமாட்டேன். லேனா வணங்க வரும்போது அவள் பெயரைச் சொல்லியே கைதட்டுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்போதும் உன்னுடைய,
அக்கா